மணலின் ஆண்டும் கோப்பின் ஆண்டும்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரே வாசல்தான். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் அது. விசைப்படகுகள் தொழிலுக்குப் போவதும் அந்த வழியே, பிடித்த மீனோடு கரை திரும்புவதும் அந்த வழியே. அங்கே ஆண்டுதோறும் மணல் சேர்கிறது. சேர்ந்த மணலை அள்ளினால்தான் படகு ஓடும். இது மீனவருக்கும் தெரியும், பொறியாளருக்கும் தெரியும், தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்ப்பவருக்கும் தெரியும். இருந்தும் முகத்துவாரம் தூர்ந்து படகு தரைதட்டுவதும், தூர்வாரச் சொல்லி மீனவர்கள் போராடுவதும், அமைச்சரும் அதிகாரிகளும் வந்து பார்வையிடுவதும் புதுச்சேரி நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வரும் செய்திகளாகவே இருக்கின்றன. ஆண்டு தவறாமல் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்த வேலை, ஏன் ஒவ்வொரு முறையும் திடீரென்று முளைத்த அவசரமாகவே கையாளப்படுகிறது?

நானறிந்தவரை இதற்கு ஊழலோ அலட்சியமோ முதற்காரணம் அல்ல. அரசுத் துறைகளின் ஆண்டு எப்படி ஓடுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. தேங்காய்த்திட்டில் மூன்று ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்கின்றன. மணலின் ஆண்டு பங்குனி வாக்கில் தென்காற்று எழும்போது பிறக்கிறது. மீனவரின் ஆண்டு ஏப்ரல் 14 நள்ளிரவோடு முடிந்து ஜூன் 15இல் மறுபடி தொடங்குகிறது. அரசின் ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. முதலாவதை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவது, மீன்கள் இனம் பெருக்கும் காலத்தை ஒட்டி வகுக்கப்பட்டது. மூன்றாவது நிர்வாக வசதிக்காக வைத்துக்கொண்டது மட்டுமே. ஆனால் வேலை நடப்பதையும் நடக்காததையும் முடிவு செய்வது அந்த மூன்றாவதுதான்.

நகரத்தின் தெற்கு விளிம்பில், முதலியார்பேட்டையை ஒட்டி, உப்பங்கழிக்கும் ஆற்றுக்கும் நடுவே இருக்கிறது தேங்காய்த்திட்டு. செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது கிளை பிரிகிறது. ஒரு கிளை சுண்ணாம்பாறு, மற்றது அரியாங்குப்பம் ஆறு. கழிமுகத்தின் ஓரங்களில் இன்னமும் அலையாத்திக் காடு நிற்கிறது. ஆற்றின் தென்கரையில், சற்று உள்ளே தள்ளி, காக்காயந்தோப்பில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்த இடம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடலோடிகள் இந்தக் கழிமுகத்தைத் தேடி வந்தார்கள் என்றால், புயலுக்கு ஒதுங்க ஆழமான, அமைதியான உள்நீர் இருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். இன்றைய மீன்பிடித் துறைமுகமும் அதே நம்பிக்கையில்தான் ஆற்றுக்குள் அமைந்திருக்கிறது. கடலுக்கு வெளிமுகமாக இல்லாததால் அலை அடிக்காது. அதற்கு ஈடாக, வாசல் ஒன்றுதான்.

அந்த வாசலில் நடப்பதைப் புரிந்துகொள்ள, சோழமண்டலக் கரையின் மணலை ஓர் ஆறாகப் பார்க்கப் பழக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதி, மணலை வடக்கே நகர்த்துகின்றன. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று அடிக்கும்போது மணல் தெற்கே திரும்புகிறது. ஆனால் போவது அதிகம், வருவது குறைவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பயணிக்கிறது. வழியில் யாரும் குறுக்கே நிற்காதவரை கரை அப்படியே இருக்கும்.

1980களின் பிற்பகுதியில் முகத்துவாரத்தின் இருபுறமும் கருங்கல் கொட்டி அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. மணல் ஆற்றுக்குக் குறுக்கே போட்ட அணை என்றே அவற்றைச் சொல்லலாம். தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்து கரை அகன்றது. வடக்கே வம்பாகீரப்பாளையத்திலிருந்து நகரக் கடற்கரை, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று வரிசையாகக் கரை தேய்ந்தது. காந்தி சிலைக்கு எதிரே மணலில் விளையாடியதைப் பழைய புதுச்சேரிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த மணல் போன பிறகு, சாலையைக் காக்கக் கருங்கல் பாறைகளைக் கொட்ட வேண்டியதாயிற்று. பாறை கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது; ஆனால் அதற்கு வடக்கே உள்ள ஊரில் தொடங்கியது. அங்கும் பாறை, அதற்கும் வடக்கே அரிப்பு. இப்படியே எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை அது போயிருக்கிறது.

சுவர் கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெற்கே சேரும் மணலை இயந்திரம் வைத்து எடுத்து வடக்கே விடும் ஏற்பாடும் துறைமுகத் திட்டத்தின் பகுதியாகவே சேர்க்கப்பட்டிருந்தது. சுவர் ஒரு முறை கட்டினால் நின்றுவிடும். மணலைக் கடத்தும் வேலையோ ஆண்டுதோறும், முடிவே இல்லாமல், செய்துகொண்டே இருக்க வேண்டியது. முதலாவது நடந்தது. இரண்டாவது ஒழுங்காகத் தொடரவில்லை. புதுச்சேரிக் கடற்கரையின் நாற்பது ஆண்டுத் துயரம் பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது. தெற்கே மிஞ்சிய மணல் சுவரின் நுனியைச் சுற்றிக்கொண்டு முகத்துவாரத்துக்குள் விழுகிறது. வடக்கே அதே மணல் இல்லாமல் வீடுகள் கடலுக்குள் போகின்றன. துறைமுகத்தில் தொல்லை, கடற்கரையில் இல்லாமை. ஒரே மணல்தான்.

ஆறே அடித்துக்கொண்டு போய்விடாதா என்று கேட்கலாம். மேலே வீடூர் அணை, அதற்குக் கீழே படுகை அணைகள். ஆண்டின் பெரும்பகுதி அரியாங்குப்பம் ஆற்றில் கடலை எதிர்த்துத் தள்ளும் அளவுக்கு ஓட்டம் கிடையாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படியான நாட்களில் சங்கராபரணி பெருக்கெடுத்து வரும். அப்படிப்பட்ட நாட்கள் மிகச் சில.

முகத்துவாரத்தில் ஒரு விசைப்படகு நுழைவதைக் கிட்டே நின்று பார்த்தால் இதன் விலை விளங்கும். பல நாள் தங்கல் தொழில் முடிந்து, மீனும் கரைந்து பாதியான ஐசுமாகத் திரும்புகிறது படகு. சுமையோடு அதன் அடிப்பாகம் ஒன்றரை, இரண்டு மீட்டர் நீருக்குள் இருக்கும். இந்தக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான். அந்த ஒரு மீட்டரை நம்பி, நீர் ஏறும் நேரத்துக்காக இன்ஜினைக் குறைத்துப் போட்டு வெளியே காத்திருக்கிறார்கள். டீசல் எரிகிறது, ஐஸ் கரைகிறது, ஏலத்துக்கு நேரம் தப்புகிறது. பொறுமை இழந்து நுழைந்தால் ப்ரொப்பல்லர் மணலைக் கிளறும். பக்கவாட்டில் ஓர் அலை வந்து படகைத் திருப்பிவிட்டால், சுவரின் கருங்கல்லில் போய் மோதும். பலகை உடைந்த படகைச் சரிசெய்யும் செலவு உரிமையாளர் தலையில் விழும். வேலையில்லா நாட்கள் பங்குக்குப் போகும் தொழிலாளி தலையில் விழும். முகத்துவாரத்தில் மணல் இருப்பதால் அரசுக்கு எந்தக் கணக்கிலும் செலவு எழுதப்படுவதில்லை. அள்ளினால்தான் செலவு.

இனி அரசின் ஆண்டுக்கு வருவோம்.

புதுச்சேரி மாநிலம் என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் அது சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பிரதேசம். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு முழுமை பெற்றது. 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பிரதேச ஆட்சிச் சட்டம் சட்டமன்றத்தையும் அமைச்சரவையையும் தந்தது. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஆண்டு நிதிநிலை அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கும் முன் குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நடைமுறையில் அது டெல்லியில் உள்துறை, நிதித்துறை அலுவலகங்களின் ஒப்புதல். மாநிலங்களுக்கு இந்தப் படி இல்லை. புதுச்சேரிக்கு நிதிக்குழுவின் வரிப்பங்கும் இல்லை. மத்திய உதவி எவ்வளவு என்று தெரிந்த பிறகே கணக்குப் போட முடியும். 2007 டிசம்பரில் தனிப் பொதுக் கணக்கு ஏற்பட்டபின் கடன், வட்டிச் சுமையும் சேர்ந்தது.

இதன் விளைவைத் தேதிகளே சொல்லும். 2020இல் முழு பட்ஜெட் வந்தது ஜூலையில். 2021 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததால் இடைக்காலச் செலவுக்கான ஒப்புதலை நாடாளுமன்றமே தந்தது. முழு பட்ஜெட் ஆகஸ்டில். 2022இல் ஆகஸ்ட் 10 அன்று கூடிய சட்டமன்றம், டெல்லி ஒப்புதல் வராததால் ஒத்திவைக்கப்பட்டு, ஆகஸ்ட் 22 அன்று பட்ஜெட்டைப் பெற்றது. 2023இல் நீண்ட காலத்துக்குப் பிறகு மார்ச் மாதத்திலேயே, 13ஆம் தேதி, 11,600 கோடி ரூபாய்க்கு முழு பட்ஜெட். 2024 மக்களவைத் தேர்தல் ஆண்டு. மறுபடி ஆகஸ்ட் 2, 12,700 கோடி. 2025இல் மார்ச் 12, 13,600 கோடி. ஆறு ஆண்டுகளில் நான்கு முறை, நிதியாண்டு பிறந்து மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் துறைகளுக்குத் தங்கள் பணம் எவ்வளவு என்று உறுதியாகத் தெரிந்திருக்கிறது.

அதுவரை ஓடுவது இடைக்கால பட்ஜெட்டில். அதைக் கொண்டு சம்பளம் கொடுக்கலாம், ஓய்வூதியம் கொடுக்கலாம், ஏற்கெனவே நடந்துவரும் வேலைக்குப் பணம் தரலாம். புதிய வேலையைத் தொடங்கக் கூடாது. சட்டமன்றத்தின் அதிகாரத்தைக் காக்கும் நியாயமான விதி இது. மக்கள் பிரதிநிதிகள் விவாதித்து மானியக் கோரிக்கைகளை நிறைவேற்றும் முன், அதிகாரிகள் புதிய செலவுக்குள் இறங்கக் கூடாதல்லவா. ஆனால் இந்த விதியின் முன்னால் தேங்காய்த்திட்டின் மணல் எந்த வகை? பழைய வேலையா, புதிய வேலையா?

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் சேரும் மணலை அள்ளுவது பழைய வேலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். தனித்தனி டெண்டராக விடும்வரை, கோப்பில் அது ஒவ்வொரு முறையும் புதிய வேலை. முதலில் ஆழம் அளக்க வேண்டும். அளந்த பிறகு எஸ்டிமேட். எஸ்டிமேட்டுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், தொகையைப் பொறுத்து நிதித்துறை, அமைச்சர், துணைநிலை ஆளுநர் வரை போய் வரும் செலவு அனுமதி. பிறகு டெண்டர் அறிவிப்பு, விலைப்புள்ளி திறப்பு. ஒருவர்தான் வந்திருந்தால் மறு டெண்டர். தூர்வாரும் கப்பல் வைத்திருப்பவர்கள் நாட்டில் சிலர்தான். அவர்களுக்குப் பெரிய துறைமுகங்களின் வேலை இருக்கும்போது இந்தச் சிறிய வாசல் கண்ணில் படாது. எல்லாம் கூடிவந்து வேலை ஆணை கைக்குக் கிடைக்கும்போது காலம் என்ன?

ஆகஸ்டில் பட்ஜெட் வந்தால், எவ்வளவு விரைந்தாலும் ஒப்பந்தம் முடிய ஐப்பசி ஆகிவிடும். அப்போது வடகிழக்குப் பருவமழை. கொந்தளிக்கும் கடலில் முகத்துவாரத்தில் மிதவை இயந்திரம் நிறுத்த முடியாது. தை பிறந்து கடல் அடங்கியபின் வேலை தொடங்கினால் இரண்டு மாதமே மிச்சம். மார்ச் 31 நள்ளிரவில் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதி. எனவே கடைசி வாரங்களில் அள்ள முடிந்த அளவு அள்ளி, பில் போட்டு, கணக்கை முடிக்க வேண்டிய நெருக்கடி. கடைசி மாதங்களில் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்குக்கு முரண் என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் சொல்கின்றன. சொல்வதோடு சரி; செலவு அப்படிக் குவிவதற்கான காரணத்தை ஆண்டின் அமைப்பே உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. இதில் என்னை அதிகம் வருத்துவது இன்னொன்று. பங்குனியில் அவசரமாக அள்ளி முடித்த வாசலில், அதே பங்குனியில் எழும் தென்காற்று அடுத்த ஆண்டின் மணலைக் கொண்டுவரத் தொடங்கிவிடும்.

கணக்குத் தலைப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சுவர் கட்டுவது மூலதனச் செலவு, சொத்து உருவாகிறது. மணல் அள்ளுவது வருவாய்க் கணக்கில் எழுதும் பராமரிப்பு. செலவழித்த பின் காட்ட எதுவும் மிஞ்சாது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அதே பந்தியில் பராமரிப்பும் உட்கார வேண்டும். இலை போதாதபோது முதலில் எழுப்பப்படுவது அதுதான். சுற்றுச்சூழல் சட்டமோ இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2009இல் செய்த திருத்தம், துறைமுகத்தின் மூலத் திட்டத்திலேயே இடம்பெற்று அனுமதி பெற்றிருந்தால், பராமரிப்புக்கான தூர்வாரலுக்கு மறுபடி அனுமதி வேண்டாம் என்று விலக்குத் தருகிறது. திரும்பத் திரும்ப வரும் வேலையைத் திரும்பத் திரும்ப வரும் வேலையாகவே நடத்தலாம் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நிதி நடைமுறை ஏற்கவில்லை.

ஆண்டு வேலையை ஆண்டு வேலையாக நடத்த அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தெரியும் என்பதற்குச் சான்று அதே தேங்காய்த்திட்டில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஏனாமும் கிழக்குக் கரையின் தேதியைப் பின்பற்றுகின்றன; மேற்குக் கரையில் இருக்கும் மாஹேக்கு மட்டும் ஜூன், ஜூலை. ஒரே மீன்வளத் துறை இரண்டு கடல்களின் நாட்காட்டியை வைத்துக்கொண்டு ஓடுகிறது. தடைக்கு முன் அறிவிப்பு, பயனாளிப் பட்டியல், குடும்ப அட்டைச் சரிபார்ப்பு, வங்கிக் கணக்குக்கு நிவாரணம், கட்டி நிற்கும் படகுகளின் ஆய்வு எல்லாம் வரிசையாக வருகின்றன. மீனவர் 1,500 ரூபாய் கட்ட, அரசு 3,000 சேர்த்து, தொழில் இல்லாத மாதங்களில் 4,500 ஆகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் உண்டு. தொகை போதாது, தாமதமாகிறது என்ற குறைகள் நியாயமானவை. ஆனால் தடைக்காலம் வருகிறதா இல்லையா என்று எந்த ஆண்டும் யாருக்கும் ஐயம் வருவதில்லை. 2020இல் பெருந்தொற்று ஊரடங்கால் மீனவர் ஏற்கெனவே நாட்களை இழந்திருந்தபோது, கிழக்குக் கரையின் தடைக்காலம் மே 31 வரை 47 நாளாகக் குறைக்கப்பட்டது. தேதி நிலையாக இருந்ததால்தான், தேவை வந்தபோது அதை விரைவாக நகர்த்தவும் முடிந்தது.

புயலிலும் அப்படியே. ஃபெஞ்சல் கடந்த சில நாட்களிலேயே குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் என்று முதல்வர் அறிவித்தார். பேரிடருக்கு நடைமுறை இருக்கிறது, தனிக் கணக்கு இருக்கிறது, யார் எதைச் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. நிவாரணத்துக்கும் பேரிடருக்கும் இருக்கும் இந்த வசதி பராமரிப்புக்கு மட்டும் இல்லை.

அந்த 61 நாள், தூர்வார இதைவிட நல்ல காலம் கிடைக்காது என்று சொல்லத்தக்க காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. வாசலில் போக்குவரத்து குறைவு. மழை இல்லை. புயல் வாய்ப்பும் பெரும்பாலும் குறைவு. அதே துறைமுகத்தில் படகு உரிமையாளர்கள் தங்கள் பராமரிப்பை அப்போதுதான் செய்கிறார்கள்: பலகை மாற்றுவது, விரிசலில் பஞ்சு அடைப்பது, பெயின்ட் அடிப்பது, வலை பொத்துவது, இன்ஜினைப் பிரித்துக் கோர்ப்பது. ஜூன் 14 இரவுக்குள் படகு தயாராக இருக்க வேண்டும் என்று வட்டிக்கு வாங்கியாவது முடித்துவிடுகிறார்கள். துறையின் பக்கமோ, அதே ஏப்ரலும் மே மாதமும் இடைக்கால பட்ஜெட்டின் மாதங்கள். புதிய வேலை தொடங்கக் கூடாத மாதங்கள். கடல் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது கருவூலம் சாத்தியிருக்கிறது.

பராமரிப்பின்மேல் அக்கறை இல்லாத மனம் பெரிய திட்டத்தின்மேல் மட்டும் பாய்வதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2006இல் இங்கே ஆழ்கடல் துறைமுகம் கட்டத் தனியாருடன் ஒப்பந்தம் போடப்பட்டது. பாண்டிகேன் போன்ற குடிமக்கள் அமைப்புகளும் மீனவரும் எதிர்த்தார்கள். வில்லியனூர் இயற்கைப் பாதுகாப்பு மையம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009இல் நீதிமன்றம் ஒப்பந்தத்தில் தலையிட மறுத்தது. ஆனாலும் அந்தத் துறைமுகம் கட்டப்படவில்லை. 2017இல் சென்னைத் துறைமுகத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் வந்தது. சரக்கு வரவேண்டுமானால் வாய்க்கால் ஆழமாக வேண்டும் என்பதால் தூர்வாரலுக்கு அப்போது தனி வேகம் கிடைத்தது. மீனுக்காக நகராத கோப்பு சரக்குக்காக நகர்ந்தது என்று மீனவர்கள் அப்போது வருந்தியிருந்தால் அதில் தவறு காண முடியாது. வம்பாகீரப்பாளையத்தின் பழைய துறைமுகப் பாலம், 1952 புயலில் அழிந்த பிரெஞ்சுக் காலத்துப் பாலத்துக்குப் பதிலாகக் கட்டியது, 2022 மார்ச்சில் கடல் சீற்றத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உப்புக்காற்றில் நிற்கும் கட்டுமானத்துக்கு ஆண்டுதோறும் என்ன தேவைப்படும் என்பதை அது சொல்லிவிட்டுத்தான் விழுந்தது.

யார் பொறுப்பு என்று கேட்டால் விடை ஒன்றாக வராது. படகு மீன்வளத் துறையுடையது. வாய்க்காலும் சுவரும் துறைமுகத் துறையுடையவை. ஆறும் கரைப் பாறைகளும் பொதுப்பணித் துறைக்கு. அலையாத்தி வனத்துறைக்கு. கடற்கரை சுற்றுலாவுக்கும் நகராட்சிக்கும். அனுமதிகள் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு. மணல் முகத்துவாரத்தில் கிடக்கும்போது ஒரு துறையின் சுமை. அதே மணல் வடக்கே கடற்கரையில் இல்லாதபோது வேறொரு துறையின் கவலை. முதல் துறை அதை வெளியேற்றச் செலவிடுகிறது. இரண்டாவது துறை அது இல்லாத இடத்தில் கல் கொட்டச் செலவிடுகிறது. இரண்டு செலவும் ஒரே பட்ஜெட் புத்தகத்தில் வெவ்வேறு பக்கங்களில் இருக்கின்றன. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் எஃகுத் திட்டு ஒன்று இறக்கப்பட்டபின், கரையில் மறுபடி மணல் ஒதுங்கியது. மக்கள் அதைக் கொண்டாடினார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அந்தத் திட்டு மணலை உண்டாக்குவதில்லை, வருவதைப் பிடித்து வைக்கிறது. வருவது முகத்துவாரத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இந்தப் பக்கங்களை ஒட்டிப் படித்துக் கேள்வி கேட்கக் கீழ்மட்டத்தில் ஆள் வேண்டும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் மறு தேர்தல் நடத்தாமலே ஆண்டுகள் ஓடின. வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில், தூர்வாரவில்லை என்ற புகார் நேரே அமைச்சரிடமோ தெருவிலோதான் போய் நிற்கும். மீனவ பஞ்சாயத்துகள் வலுவானவைதான். அவற்றுக்குக் கடலில் அதிகாரம் உண்டு, கருவூலத்தில் இல்லை.

நிதியாண்டையே மாற்றிவிட்டால் என்ன என்ற யோசனை பழையது. பிரிட்டிஷ் இந்தியா 1867இல்தான் ஏப்ரல் மாதத்தை ஆண்டின் தொடக்கமாக எடுத்துக்கொண்டது. அப்போது பிரெஞ்சுப் புதுச்சேரியின் கணக்கு ஜனவரி 1இல் தொடங்கியது. 1879இல் ஏற்பட்ட பொது மன்றம் விவாதித்த உள்ளூர் பட்ஜெட்டும் அந்த ஆண்டுக்கானது. இந்தியாவில் எல்.கே. ஜா குழு 1985இல் பருவமழையைக் காரணம் காட்டி ஜனவரியைப் பரிந்துரைத்தது. 2016இல் சங்கர் ஆச்சார்யா தலைமையில் இன்னொரு குழு அமைந்தது. எதுவும் நடக்கவில்லை. நடக்காததில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. ஜனவரியில் தொடங்கினாலும், வேலையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பிறப்பித்துக்கொண்டிருந்தால் மணல் காத்திருக்காது.

செய்யக்கூடியது இதைவிடச் சிறியது. தூர்வாரலை ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு ஒப்பந்தமாகக் கொடுத்துவிட்டால், இரண்டாம் ஆண்டிலிருந்து அது நடந்துவரும் வேலை. இடைக்கால பட்ஜெட்டிலும் பணம் தரலாம். டெல்லி ஒப்புதல் ஆகஸ்ட் வரை இழுத்தாலும் ஏப்ரல் 15 அன்று இயந்திரம் வாசலில் நிற்கும். சாலைப் பராமரிப்பில் இப்படிப் பல ஆண்டு ஒப்பந்தங்கள் நாட்டில் நடந்துவருகின்றன. அள்ளிய அளவுக்குப் பணம் என்பதற்குப் பதிலாக, வாசலில் இத்தனை மீட்டர் ஆழம் இருந்தால் பணம் என்று எழுதினால், ஒப்பந்தக்காரரின் அக்கறையும் மீனவரின் அக்கறையும் ஒன்றாகிவிடும். மழைக்கு முன்பும் தை மாதத்திலும் ஆழம் அளந்து, அளவைத் துறைமுக ஏலக் கூடத்தில் எழுதிப் போட்டால், தரைதட்டிய பிறகு போராட வேண்டியிருக்காது, குறையும்போதே கேட்கலாம்.

இது கற்பனை அல்ல என்பதற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை சான்று. அங்கே கோல்டு கோஸ்ட்டில் 1986லேயே, அதாவது நம் சுவர்கள் எழுந்த அதே காலத்தில், முகத்துவாரத்துக்குத் தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியே வடக்கே தள்ளும் நிலையான அமைப்பு ஓடத் தொடங்கியது. அதற்குச் சற்றுத் தெற்கே ட்வீட் ஆறு. 1960களில் முகத்துவாரச் சுவர்களை நீட்டியதில் தெற்கே நியூ சவுத் வேல்ஸில் மணல் குவிந்தது, வடக்கே குவீன்ஸ்லாந்துக் கடற்கரைகள் தேய்ந்தன. சுவர் ஒரு மாநிலத்தில், அரிப்பு இன்னொரு மாநிலத்தில். புதுச்சேரிச் சுவரும் தமிழ்நாட்டுக் குப்பங்களும் போலவே. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி, 1990களில் இரண்டு சட்டமன்றங்களிலும் சட்டம் இயற்றி, செலவைப் பகிர்ந்துகொண்டன. 2001 முதல் மணல் குழாயில் எல்லை தாண்டுகிறது, ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். அவர்கள் அதை ஒரு நாள் முடிந்துவிடும் திட்டமாக வைக்கவில்லை. கரை இருக்கும்வரை ஓட வேண்டிய சேவையாகச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள்.

இரு அரசுகள் எல்லை தாண்டி உடன்படுவது இந்த மண்ணுக்கும் புதிதல்ல. பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து புதுச்சேரி வயல்களுக்கு வரும் நீருக்கு, பிரெஞ்சுக்காரரும் பிரிட்டிஷாரும் 1910இல் உடன்பாடு எழுதிக்கொண்டார்கள். எந்த மாதத்தில் யாருக்கு நீர் என்று எழுத முடிந்தவர்களின் வாரிசுகளாக இன்று இரண்டு அரசுகள் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்துக் கடலோரக் குப்பங்களில் கல் கொட்டத் தமிழ்நாடு செலவிடும் பணத்தில் ஒரு பகுதி, தேங்காய்த்திட்டு வாசலில் மணலை அள்ளி வடக்கே விடுவதற்கு வருமானால், புதுச்சேரியின் மீன்வளத் துறைக்கும் பொதுப்பணித் துறைக்கும் வானூர் வட்டத்து மீனவருக்கும் ஒரே செலவில் வேலை முடியும். அப்படியொரு உடன்பாட்டுக்கு வேண்டிய அளவைகளை எடுக்கப் பக்கத்திலேயே சென்னையில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் தேசிய கடற்கரை ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. முதல் ஆழ அளவையை இந்த மழைக்கு முன்பே தொடங்கலாம்.